நூற்றுப் பதினேழாம் மரத்தின் அளவு

என் அத்தானுக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது. தோள்தான் நிற்கும். தெருவில் யாராவது வணக்கம் வைத்தால் பதிலுக்குத் தலையாட்டுவார். அந்த ஆள் நாலடி தள்ளிப் போனதும் என் காதில், "நாப்பத்திரெண்டு. இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். பேருதான் வர மாட்டேங்குது" என்பார்.

முப்பத்தோரு வருஷம் ஒரே கடை, ஒரே தையல் மிஷின். அக்கா அந்தக் கடையின் இன்னொரு பாதி. அவர் அளவெடுத்துச் சொல்லச் சொல்ல அவள் நோட்டில் எழுதுவாள். எழுதியதைத் திருப்பிப் படிப்பாள். அவர் வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி "இருக்கட்டும்" என்பார். அந்த ஒரு சொல் விழுந்தால்தான் அடுத்த அளவு. கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டதில் முக்கால்வாசி இதுதான் என்று நான் கேலி செய்வேன். அக்கா மறுத்ததில்லை.

நான் வீடு வீடாகப் போய் மின் மீட்டர் ரீடிங் எடுப்பவள். அதனால் அத்தான் எனக்கு வைத்த பெயர் யூனிட். என் யூனிஃபார்ம் சட்டையை வருஷத்துக்கு இரண்டாக அவர்தான் தைத்துத் தருவார். கழுத்தளவு எடுக்கும்போது டேப்புக்குள் இரண்டு விரலை நுழைத்துக்கொள்வார். மூச்சு விட இடம் வேண்டாமா என்பார். "உன் வாய்க்கு ரெண்டு விரல் பத்தாது யூனிட், மூணு வைக்கணும்" என்று சீண்டவும் செய்வார்.

என் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். மீட்டர் பின்னால் ஓடாது. ஓடியிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள், அல்லது யாரோ போகாமலே எழுதியிருக்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தெருவுக்கே ரீடிங் போட்ட ஆட்களோடு இருபது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். எண்ணை நம்புவேன், எழுதிய ஆளை நம்ப மாட்டேன்.

பேருந்து நிலையத்தைத் தாண்டி எங்கும் போகாத அத்தான் போன வருஷம் காட்டுக்குக் கிளம்பினார். யாரோ கடையில் விட்டுப்போன செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. மாறிவரும் வெயிலுக்கும் மழைக்கும் மரங்கள் எப்படி ஈடுகொடுக்கின்றன என்று ஆராய்கிறார்களாம். வருஷத்துக்குப் பத்து நாள் மரங்களை அளக்கத் தன்னார்வலர்கள் தேவை. அனுபவம் வேண்டாம், பொறுமை போதும். உங்களுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். "அளவெடுத்தா போதுமாம், தைக்க வேண்டியதில்லையாம். இப்படி ஒரு வேலை உலகத்துல இருக்குன்னே எனக்குத் தெரியாது" என்றார். மூன்று வருஷம் தொடர்ந்து வருவதாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

போனவர் திரும்பி வந்தார். ஆனால் பேச்சு குறைந்திருந்தது. ஒரு மாதத்துக்குள் இரண்டு சட்டை தைத்தார், தனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. மூன்றாம் மாதம், ஒரு காலை வேளையில், மிஷின் முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டார். ஊசியில் நூல் கோக்கிறார் என்று நினைத்து அக்கா கால் மணி நேரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கடைசிப் பயணத்துக்கு அந்தப் புதுச் சட்டையைத்தான் போட்டோம். கழுத்துப் பொத்தான் போட முடியவில்லை. அப்படி ஒரு இறுக்கம். ஒரு விரல்கூட உள்ளே போகாது. அக்காவுக்குத் தைத்ததோ தொளதொளவென்று தோளிலிருந்து வழிந்தது. வேறு கடையில் கொடுத்துப் பிடித்து வாங்கி வா என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், நான்தான் தள்ளிப்போட்டேன். அவளுக்கு ஒரே ஒரு அரிப்பு. முப்பத்தோரு வருஷத்தில் தப்பாத கை அந்த இரண்டு சட்டையில் தப்பியிருக்கிறது. உடம்பு கெட்டதற்கு அதுதான் அடையாளம், அதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தான் கவனிக்காமல் விட்டுவிட்டதாக எட்டு மாதமாகத் தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தாள்.

ஆய்வு நிலையத்திலிருந்து இந்த வருஷத்துக் கடிதம் அவர் பெயருக்கே வந்தது. அக்கா அதை என் கையில் கொடுத்தாள்.

"லீவு போட்டுட்டுப் போயிட்டு வாடி. அவர் கொடுத்த வாக்கு. அவர் தொட்ட மரத்த எல்லாம் ஒரு தடவ தொட்டுட்டு வா."

எனக்குக் காடு என்றால் ஆகாது. ஆனாலும் போனேன்.

காட்டுக்குள் தகரக் கூரை போட்ட இரண்டு அறைக் கட்டடம். ஒன்றில் கட்டில்கள், ஒன்றில் இலைகளைக் காயவைக்கும் பெட்டி. அந்த அறையில் எப்போதும் வெந்த இலை வாடை. ஆய்வை நடத்தும் பெண்மணியை எல்லோரும் டாக்டர் என்றார்கள். ஊசி போடும் டாக்டர் அல்ல, மரம் படித்த டாக்டர். என்னைப் பார்த்ததும் என் கைகளைப் பிடித்துக்கொண்டு அத்தானைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார். அத்தான் அளந்த கட்டத்தையே எனக்கும் கொடுத்தார். கட்டம் என்றால் காட்டுக்குள் கயிறு கட்டிப் பிரித்த ஒரு சதுரம். அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு மரங்கள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட தகடு, நெஞ்சு உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டின் மேல் டேப்பைச் சுற்றி, பட்டையோடு ஒட்டப் பிடித்து, சுற்றளவைப் படிக்க வேண்டும். மரம் பருத்திருந்தால் காற்றில் உள்ள கரியை உள்ளே வாங்கியிருக்கிறது என்று அர்த்தமாம்.

இருவர் இருவராகத்தான் வேலை. ஒருவர் அளப்பார். மற்றவர் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று டேப் கோட்டில் இருக்கிறதா என்று பார்த்து, எண்ணை எழுதி, உரக்கத் திருப்பிச் சொல்வார். எனக்கு எழுத வந்தவர் வனக்காவலர். போன வருஷம் அத்தானுக்கு எழுதியவரும் அவரே. அவர் கையில் இருந்த தாளில் போன வருஷத்து எண்கள் இருந்தன. பெரிய வித்தியாசம் வந்தால் அங்கேயே மறுபடி அளக்க வேண்டும் என்பது விதி.

முதல் நாள் காலை பத்து மணிக்கும் பனிமூட்டம் விலகவில்லை. பறவைச் சத்தமும் இல்லை. எங்கோ ஒரு பெட்டிக்குள் காற்றை அளக்கும் கருவியின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதல் மரத்தைச் சுற்றினேன். பட்டை ஈரமாக, சில்லென்று இருந்தது.

"எண்பத்தேழு புள்ளி அஞ்சு" என்றேன்.

மரத்துக்குப் பின்னாலிருந்து எண் திரும்பி வந்தது. கூடவே, தாழ்ந்த குரலில், "இருக்கட்டும்."

அந்தச் சொல்லின் இழுப்பு, வாய்க்குள் எதையோ கவ்விக்கொண்டு பேசுவது போன்ற அந்த மழுங்கல், எல்லாம் அவருடையது. டேப்பைப் போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு ஓடினேன். வனக்காவலர் தாளில் குனிந்து நின்றார். வாயில் பேனா மூடி. நான் முறைத்ததைப் பார்த்துக் கூச்சப்பட்டார். உங்கள் அத்தானோடு பத்து நாள் நின்றதில் எனக்கும் தொற்றிக்கொண்டது, விட முடியவில்லை என்றார். சிரித்து வைத்தேன். ஆனால் அன்று முழுக்க ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலிருந்தும் அந்தச் சொல் வந்துகொண்டே இருந்தது.

அதைவிட மோசம் எண்கள். முதல் மரம் போன வருஷம் எண்பத்தெட்டு புள்ளி ஆறு. இப்போது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைவு. மறுபடி அளந்தோம், அதே குறைவு. இரண்டாவதும் குறைவு. மூன்றாவதும் குறைவு. பெரிய மரம், சின்ன மரம் என்ற பேதம் இல்லை. ஏறக்குறைய ஒரே அளவுக்கு எல்லாமே இளைத்திருந்தன. இருபது மரத்துக்கு மேல் போன பிறகு வனக்காவலர் மறுபடி அளக்கச் சொல்வதையே நிறுத்திவிட்டார். தாளைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றார்.

"மரம் இளைக்குமாண்ணே?" என்று கேட்டேன்.

"இருபத்தாறு வருஷமா இந்தக் காட்டுல இருக்கேம்மா. பாத்ததில்ல" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் எண்ணைத் தவிர வேறு பேசவில்லை. பனி எங்களோடு மரத்துக்கு மரம் நகர்ந்து வந்தது. காடு எங்களைக் கண்டு உடம்பைச் சுருக்கிக்கொள்கிறது என்று தோன்றியது. பயந்தேன், அதை ஒளிக்கப் போவதில்லை. நூற்றுக்கணக்கான வீடுகளில் நாய்க்கும் சண்டைக்காரனுக்கும் அஞ்சாமல் நுழைந்தவள், ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்கத் தயங்கினேன்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு அதற்கும் முந்தைய வருஷத்துத் தாளை எடுத்து மூன்று வருஷத்து எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. போன வருஷம் இந்தக் கட்டத்தில் ஏறக்குறைய எல்லா மரமும் வழக்கத்தைவிடப் பல மடங்கு பருத்திருந்தன. மற்ற எந்தக் கட்டத்திலும் அப்படி இல்லை. அவர் சந்தோஷப்பட்டு அதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். இப்போது எல்லாம் சேர்ந்து இளைத்திருக்கின்றன.

"வறட்சியில மரம் ரெண்டு மூணு மில்லிமீட்டர் சுருங்கும். இவ்வளவு சுருங்காது" என்றார். கொஞ்சம் தயங்கி, "உங்க அத்தான் எல்லா மரத்துக்கிட்டயும் போனாரா? இல்ல, பழைய நம்பர்ல கொஞ்சம் கூட்டி எழுதிட்டாரா?" என்று கேட்டார்.

வனக்காவலர் குறுக்கிட்டு, ஒவ்வொரு மரத்திலும் தான் கூடவே நின்றதாகச் சொன்னார். ஆனால் தான் நின்றது மரத்துக்கு அந்தப் பக்கம், எண் தன் காதில் விழுந்ததுதான், கண்ணால் படித்ததில்லை என்றும் ஒப்புக்கொண்டார். டாக்டர் என்னிடம் மென்மையாகவே சொன்னார். நாளைக்குள் காரணம் தெரியாவிட்டால் போன வருஷத்து இருநூற்றுப் பன்னிரண்டு எண்களையும் அடித்துவிட வேண்டும். நம்பத்தகாதது என்று குறிப்பு எழுத வேண்டும். அத்தானின் பெயரும் அறிக்கையிலிருந்து போய்விடும்.

எனக்குக் கோபம் வந்தது. டாக்டர் மேல் அல்ல, என் மேல். அவர் கேட்பதற்கு முன்பே, காலையில் பத்தாவது மரத்திலேயே, நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். டீக்கடை பெஞ்சு ஆட்களின் வரிசையில் அத்தானையும் உட்கார வைத்திருந்தேன். அக்காவிடம் போய் என்ன சொல்வது? சட்டையில் மட்டும் இல்லை, அங்கேயும் கை தப்பியிருக்கிறது, அல்லது பொய் எழுதியிருக்கிறார் என்றா? கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும், போன வருஷம் நிலையத்திலிருந்து அவருக்கு வந்த நன்றிக் கடிதத்தை யார் கழற்றுவது?

மறுநாள் தொண்ணூற்றாறாவது மரத்தில் அட்டை ஏறியது. டேப்பைச் சுற்றி இழுத்துப் பிடித்திருந்தேன். ஓர் அட்டை டேப்புக்கு அடியில் நெளிந்து என் கட்டைவிரலை நோக்கி வந்தது. அதைப் பிடுங்கி எறிய இரண்டு விரலை டேப்புக்குள் விட்டேன். அந்த நேரம் பார்த்து வனக்காவலர் எண் என்ன என்று கேட்டார். கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

"அறுபத்துநாலு புள்ளி மூணு."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் தானே சுற்றிக்கொண்டு வந்தார்.

"அம்மா, இது குறையல. போன வருஷம் அறுபத்துநாலு. மூணு மில்லி வளந்திருக்கு."

நான் என் கையைப் பார்த்தேன். டேப்புக்குள் இரண்டு விரல்.

விரலை எடுத்துவிட்டு இறுக்கினேன். அறுபத்திரண்டு புள்ளி ஒன்பது. விரலை வைத்தேன். அறுபத்துநாலு புள்ளி மூன்று. எனக்குத் தெரிந்த அந்தக் குரல் காதுக்குள் கேட்டது. மூச்சு விட இடம் வேண்டாமா? பாவி மனுஷன், மரத்துக்கும் இடம் விட்டிருக்கிறார். ஒட்டப் பிடி, ஒட்டப் பிடி என்று டாக்டர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! முப்பத்தோரு வருஷத்துக் கை அதைக் கேட்டிருக்காது. நான் அந்த மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். வனக்காவலர் நாகரிகமாகத் திரும்பி நின்று அட்டை தேடினார்.

மதியம் டாக்டர் நேரில் வந்து பத்து மரத்தை விரலோடும் விரல் இல்லாமலும் அளக்கச் சொல்லிப் பார்த்தார். சிரித்தேவிட்டார். எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரிந்த தப்பு தப்பே இல்லை, கழித்துக்கொள்ளலாம் என்றார். எண்கள் நிற்கும், பெயரும் நிற்கும். எனக்கு அன்று முதல்முறையாகக் காடு பிடித்தது. மீதி மரங்களை இரண்டு விதமாகவும் அளந்து வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள், நூற்றுப் பதினேழாம் மரத்துக்கு வந்தோம். சரிவின் ஓரத்தில் தனியாக நின்ற மரம், நல்ல பருமன். விரலை வைத்து அளந்தேன். நூற்று முப்பத்திரண்டு புள்ளி எட்டு. ஏதோ உறுத்தியது போல வனக்காவலர் எண்ணைத் திருப்பிச் சொல்லவில்லை. விரல் இல்லாமல் அளக்கச் சொன்னார். நூற்று முப்பத்தொன்று புள்ளி நாலு.

"போன வருஷமும் அதே நூத்தி முப்பத்தொண்ணு புள்ளி நாலு" என்றார்.

இந்த ஒரு மரத்துக்கு அவர் விரல் வைக்கவில்லை.

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தோம். மேலே ஓர் இலை இல்லை. கிளைகள் வெறுமையாகப் பனிக்குள் போயிருந்தன. பட்டை மட்டும் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. தாளில் போன வருஷம் வனக்காவலர் தன் கையாலேயே எழுதியிருந்தார்: உயிருடன் உள்ளது, இலை நிறைவு.

அவர் குரல் இறங்கிவிட்டது. "பச்சைப் பசேல்னு இருந்துச்சும்மா. சத்தியமா. உங்க அத்தான் இதுக்கிட்ட மட்டும் ரொம்ப நேரம் நின்னாரு. உள்ளங்கையை வச்சுக்கிட்டே நின்னாரு. நம்பரச் சொன்னாரு, நான் திருப்பிச் சொன்னேன். அவர் 'இருக்கட்டும்' சொல்லவே இல்ல. நானா அடுத்த மரத்துக்கு நடந்தேன்."

டாக்டர் வந்து பட்டையைச் சீவிப் பார்த்தார். இலை உதிர்ந்து ஆறேழு மாதம் இருக்கும் என்றார். போன வருஷம் பச்சையாக இருந்ததே என்று கேட்டேன். "வேர் அதுக்கு முன்னாடியே செத்திருக்கும். இலைக்குச் சேதி லேட்டாத்தான் போகும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. சட்டென்று அந்தச் சட்டை நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு விரல்கூடப் போகாத சட்டை. இந்த மரத்தைத் தொட்டுவிட்டு வந்த ஒரு மாதத்துக்குள் தனக்கென்று தைத்த சட்டை. எந்த மருத்துவரும் அவரிடம் எதையும் சொன்னதில்லை. அவரும் யாரிடமும் எதையும் சொன்னதில்லை.

மீதி நாள்களில் தொண்ணூற்றைந்து மரங்களை அளந்தேன். திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஊர் திரும்பியதும் நேராகக் கடைக்குப் போனேன். மிஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. அக்கா மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். இரண்டு விரல் கதையைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அதோடு நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். நூற்றுப் பதினேழை என்னோடே வைத்துக்கொள்வது என்று பேருந்தில் வரும்போதே முடிவு செய்திருந்தேன்.

"எல்லா மரத்துக்குமா விரல் வச்சாரு?" என்று கேட்டாள்.

அவளிடம் எனக்குப் பொய் வராது. ஒன்றைத் தவிர என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அது பட்டுப் போச்சா?"

தலையாட்டினேன். அங்கேயும் அவர் "இருக்கட்டும்" சொல்லவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். எழுந்து போய் அளவு நோட்டை எடுத்து வந்து கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அந்தப் பக்கம் மட்டும் அவர் கையெழுத்து. அந்தச் சட்டைக்கு அளவெடுத்த அன்றைக்கு, நீ உட்கார், நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லி, கண்ணாடி முன்னால் நின்று தன் அளவைத் தானே எடுத்து எழுதினாராம். சத்தமாக ஒன்றும் சொல்லவில்லையாம்.

"அப்போ கை தப்பல" என்றாள்.

அவள் நோட்டை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை.

"அன்னைக்கே எனக்கும் அளவெடுத்தாரு. கழுத்துல மூணு விரல் வச்சாரு. என்னங்க இது, எனக்கு எதுக்கு மூணுன்னு கேட்டேன். ஒண்ணுமே சொல்லாம நின்னுட்டு, அப்புறம்தான் இருக்கட்டும்னாரு."

அலமாரியில் அந்தத் தொளதொளச் சட்டை மடித்து வைத்திருந்தது. நாளைக்கே கொடுத்துப் பிடித்து வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.

அக்கா அதை எடுத்து, போட்டிருந்த உடுப்பின் மேலேயே போட்டுக்கொண்டாள். கழுத்துப் பொத்தானை மாட்டி, அதற்குள் மூன்று விரலை விட்டுப் பார்த்தாள்.

"வேணாண்டி. இருக்கட்டும்."